குடும்பச் சுருதி

வீடு வாசல் உள்ள குடும்பங்கள் உலகில் ஏராளம். பட்டம் பதவி உள்ள குடும்பங்களும் தேடினால் கிடைக்கும். தனக்கென்று சொந்தமாக ஒரு சுருதி வைத்திருந்த குடும்பம் மனித வரலாற்றில் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெருமையைக் கட்டிக்காக்கும் பாரம், எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியண்ணனின் தோளில் இறங்கியிருந்தது.

அவருடைய அப்பா மாலைதோறும் சுருதிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பாடியவர். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற ஆழமான குரல். அவருக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் பாடவில்லை. பெட்டி மட்டும் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் பளபளத்துக்கொண்டிருந்தது.

இந்த நிலையில், கடைசித் தங்கை பாட்டு கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். வயது நாற்பது. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அவள் சொன்னால், பெஞ்சில் தூங்குகிறவன்கூட எழுந்து சரியான வண்டியில் ஏறிவிடுவான். அப்படி ஓங்கித் தெளிந்த குரல்.

“என் குரலுக்கு ஏத்த வாத்தியாராப் பார்க்கணும், அண்ணா.”

“உன் குரல் என்ன தனி நாடா? குடும்பத்துக்கு ஏத்த வாத்தியாராப் பார்ப்போம். உன் குரல் அதுக்குள்ள அடங்கிடும்.”

அன்றே ‘ஆசிரியர் தெரிவுக் குழு’ அமைந்தது. தலைவர் பெரியண்ணன். உறுப்பினர் அவர் மனைவி, அதாவது தங்கைக்கு அண்ணி. தங்கை ‘பார்வையாளர்’.

முதலில் வந்தவள் மடிக்கணினியோடு வந்த ஓர் இளம்பெண். தங்கையைப் பாடச் சொல்லிவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

“பாருங்க சார், இந்தப் பச்சைக் கோடு மேல போகும்போது எவ்வளவு நேரா இருக்கு! கீழே வந்தா நடுங்குது. இவங்களுக்கு மேல் சுருதிதான் சரி.”

“எங்க சுருதி அதோ, அலமாரியில இருக்கு. அதுக்குத்தான் பாடணும்” என்று பெரியண்ணன் பெட்டியை எடுத்து ஒருமுறை ஒலிக்கவிட்டுக் காட்டினார்.

“அது ஆம்பளைக் குரலுக்கு வெச்ச சுருதி, சார்.”

“ஒரு கிலோன்னா ஒரு கிலோதாம்மா. ஆம்பளை நிறுத்தா ஒண்ணு, பொம்பளை நிறுத்தா ஒண்ணுன்னு கிடையாது.”

வாழ்நாளெல்லாம் தராசுகளுக்கு முத்திரை குத்திய அனுபவம் பேசியது. இளம்பெண் கணினியை மூடிக்கொண்டு போனாள். அவள் தகுதியற்றவள் என்று குழு ‘ஒருமனதாக’ முடிவு செய்தது.

“ஒருமனதாவா? நான் வாயே திறக்கலையே” என்றாள் அண்ணி.

“அதைத்தான் ஒருமனதுன்னு சொல்றது.”

அடுத்து வந்தவர் நரைத்த மனிதர். கேள்வி எதற்கும் பதில் சொல்லாமல், நேராகச் சுருதிப் பெட்டியை எடுத்துத் திறந்து உள்ளே ஊதிப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

“ஐயா, இதுல ஒரு திறப்புதான் வேலை செய்யுது. மத்ததெல்லாம் களிம்பு ஏறி அடைச்சுக் கிடக்கு. உங்கப்பாவுக்கு வேற வழி இல்ல, இதுக்கே பாடியிருக்காரு. சுத்தம் பண்ணினா தங்கச்சிக்கு வேண்டிய சுருதியும் இதே பெட்டியில கிடைக்கும்.”

தங்கையின் முகம் மலர்ந்தது. பெரியண்ணனின் முகமோ, குடைந்த எடைக்கல்லோடு கடைக்காரனைக் கையும் களவுமாகப் பிடித்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆயிற்று.

“ஆளுக்குத் தக்கபடி சுருதி மாத்துற வீடு இல்லைங்க இது. எங்கப்பா கடைசி வரைக்கும் ஒரே சுருதியில நின்னவர்.”

“நின்னாரா, மாட்டிக்கிட்டாரா?”

நரைத்த மனிதர் செருப்பு மாட்டி முடிப்பதற்குள் அவர் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது.

மூன்றாமவர்தான் மேதை.

“இவளுக்கு எந்தச் சுருதி சரிப்படும்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டார் பெரியண்ணன்.

“ஐயா எது சொல்றீங்களோ அது.”

இப்படிப்பட்ட ஞானம் எளிதில் வாய்ப்பதில்லை. அந்த நிமிடமே நியமனம் நடந்தது. கூடத்தில் வகுப்பு தொடங்கியது. பெட்டி அடிக்குரலில் முனகியது. தங்கையும் அதோடு கீழே இறங்கினாள். இறங்க இறங்கக் குரல் கரைந்து வெறும் காற்றாயிற்று.

“கேக்கலையே” என்றார் நாற்காலியிலிருந்து பெரியண்ணன்.

“அழுத்துங்க, இன்னும் அழுத்துங்க” என்றார் வாத்தியார், மாணவியைப் பார்க்காமல் பெரியண்ணன் முகத்தைப் பார்த்து.

“அண்ணா, தொண்டை எரியுது.”

“பரம்பரை உள்ளே இறங்குதும்மா. முதல்ல அப்படித்தான் இருக்கும்.”

“நீங்க ஒரு தடவை அந்தச் சுருதியில பாடிக் காட்டுங்களேன், பார்ப்போம்” என்றாள் அண்ணி.

“நான் மேற்பார்வை.”

தங்கை அழுத்தினாள். அண்ணன் தலையசைக்கும்வரை, மாதக்கணக்கில் அழுத்தினாள். பிறகு ஒருநாள் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. வடக்கே போக வேண்டியவர்கள் தெற்கு வண்டியில் ஏறினார்கள். மேலதிகாரி அவளை வீட்டுக்கு அனுப்பினார். குரல் திரும்பினால் வேலைக்குத் திரும்பலாம் என்றார். ஒலிபெருக்கியை மாற்றச் சொல்லிப் பெரியண்ணன் நிலைய அலுவலகத்துக்கே போய் வற்புறுத்தினார். அண்ணிதான் அவளைத் தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். குடும்பத்தின் சார்பில் பெரியண்ணனும் போனார்.

மருத்துவர் மெல்லிய குழாயை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தார்.

“குரல் நாண்ல ரெண்டு பக்கமும் முடிச்சு விழுந்திருக்கு. கொஞ்ச காலம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அதுக்கப்புறமும் பழைய குரல் வரும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. இவ்வளவு மேல் குரலை இவ்வளவு கீழே இழுத்து அழுத்தினா வேற என்ன ஆகும்? யாரு இப்படிப் பாடச் சொன்னது?”

தங்கை வாயைத் திறந்தாள்.

“நீங்க பேசாதீங்கம்மா” என்றார் மருத்துவர்.

ஆகவே, அந்த வீட்டில் எப்போதும் நடப்பதுபோல, அவளுக்கான பதிலைப் பெரியண்ணன் சொன்னார். நாற்காலியில் நிமிர்ந்து, சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

“வாத்தியார்னு ஒருத்தர் இருக்கார், டாக்டர். ஆனா அவர் சும்மா பேருக்குத்தான். கூடவே உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து இதைச் செஞ்சது நான்.”