சேவல் யார் பேரில்?

சேவலைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திய பிறகுதான், உள்ளே நவமணி தலைக்குக் குளித்துக்கொண்டிருக்கிறாள் என்பது மோகனராஜுக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கதவின் தாழ்ப்பாள் கழன்று எத்தனையோ மாதம் ஆகிறது. "இந்த ஞாயித்துக்கிழமை மாட்டிடறேன்" என்று அவர் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

"ஐயோ! யாரு உள்ள வந்தது?" என்று அலறினாள் மனைவி.

"கத்தாதேம்மா, நம்ம சேவல்தான்!"

"சேவலுக்கு இங்க என்ன வேலை? ஷாம்பு கண்ணுல எரியுது, ஒண்ணும் தெரியல... ஆ! கொத்துது!"

மோகனராஜ் கதவில் வாயை ஒட்டிவைத்து, "நோர்மா வந்துட்டாங்க. மூலை வீட்டுல நிக்கிறாங்க" என்றார். உள்ளே அலறல் சட்டென்று நின்றது.

நோர்மா, வீட்டுக் கோழிகளைப் பதிவு செய்ய ஜெலுத்தோங்கின் அந்தத் தெருவுக்கு வந்திருந்த அரசாங்க அதிகாரி. புதுச் சட்டம். கொல்லையில் ஒற்றைக் கோழி மேய்ந்தாலும் அதன் சொந்தக்காரர் பெயரில் பதிந்தாக வேண்டும். பதியாத கோழி லோரியில் ஏறும். மற்றபடி ஒரு வம்பும் இல்லை, ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. அந்தக் கையெழுத்தில்தான் வந்தது வினை.

ஏனென்றால் அது நேர்ந்துவிட்ட சேவல். மகள் ரூபினிக்கு வேலை கிடைத்தால் முனியாண்டிக்கு ஒரு சேவல் என்று நவமணி வேண்டியிருந்தாள். செபராங் ஜெயாவில், ஏர்கோன் போட்ட ஆபீசில் வேலையும் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை படையல். மறுநாள் ரூபினி வேலையில் சேருகிறாள்.

"நேர்ந்துவிட்ட அன்னிக்கே அது சாமியோடது" என்று காலையிலேயே நவமணி தன் சட்டத்தைச் சொல்லிவிட்டாள். "அதை உங்க பேர்ல பதிஞ்சா என்ன அர்த்தம்? சாமி சொத்தைக் களவாண்டீங்கன்னு அர்த்தம். குடுத்த வேலைய அவர் புடுங்கிக்கிட்டா, நீங்களா என் மவளுக்குச் சம்பளம் குடுப்பீங்க?"

மோகனராஜ் ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து ரூபினி டிவி ரிமோட்டைக் கீழேயே வைக்கவில்லை. மனுஷன் நிம்மதியாகச் செய்தி பார்த்து எவ்வளவு காலமாகிறது! இந்த வேலை மட்டும் கைவிட்டுப் போனால் அவர் கதி அதோகதிதான். ஆகவே, பதியவும் கூடாது, லோரியிலும் ஏற்றக் கூடாது, ஒளித்து வைப்பது ஒன்றுதான் வழி என்று முடிவு செய்திருந்தார்.

"கொக்கரக்கோ!"

ஓடு பதித்த குளியலறை. ஒரு கூவல் நாலு கூவலாகத் திரும்பி வந்தது. நகர நடுவில் நிற்கும் கொம்தார் கோபுரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

தலையெல்லாம் நுரையும் உடம்பெல்லாம் துண்டுமாக நவமணி வெளியே வந்து சேவலை அவர் கையில் திணித்தாள். "பக்கத்து வீட்டு அமலம்மாகிட்ட குடுங்க. அவங்க வேதக்காரங்க. நேர்த்திச் சேவல் அங்க இருக்கும்னு யாருக்குத் தோணும்?"

நல்ல யோசனைதான். மோகனராஜ் கொல்லைச் சுவரை எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் மைக்கேலின் மனைவி அமலம்மாள், துணிக் கூடையில் இரண்டு பெட்டைக் கோழிகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அமலம்மா, கொஞ்ச நேரம் இந்தச் சேவலை..."

"நல்லா இருக்கே அண்ணே! நானே இதுங்களை உங்க வீட்டுல விடத்தான் நிக்கிறேன். எங்க வீட்டு மனுஷன் கையெழுத்துன்னாலே பத்து மைல் ஓடுறாரு. பிடிங்க அண்ணே, பிடிங்க லா!"

கூடை சுவர் தாண்டி வந்தது. அமலம்மாள் மறைந்துவிட்டாள். ஒரு சேவலோடு போன மனிதர், ஒரு சேவலும் இரண்டு பெட்டையுமாகத் திரும்பி வந்தார். நவமணி தலையில் அடித்துக்கொண்டதில் நுரை சுவரெல்லாம் தெறித்தது.

"காடி!" என்றார் மோகனராஜ். "கண்ணாடி கறுப்பு. வெளியேர்ந்து ஒண்ணும் தெரியாது."

மூன்றையும் காரின் பின் சீட்டில் விட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்துப் பூட்டினார். அப்பாடா என்று மூச்சுவிடக்கூட நேரம் கிடைக்கவில்லை. தனி அறை, பக்கத்தில் இரண்டு பெட்டைகள். சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல் என்ற பொறுப்பு துளிகூட இல்லாமல் அது தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. கார் குலுங்கியது. அடுத்த நொடி அலாரம் ஊளையிட்டது. மோகனராஜ் பதற்றத்தில் சாவியின் பொத்தானை மாற்றி மாற்றி அமுக்க, விளக்குகளும் கண்ணடிக்க ஆரம்பித்தன. திருவிழா கெட்டது போங்கள்! தெருவே திரண்டு வந்தது. முன்னால் வந்தவர் நோர்மா.

அலாரம் ஒருவழியாக அடங்கியது. நோர்மா கறுப்புக் கண்ணாடியில் முகத்தைப் பதித்துப் பார்த்தார். உள்ளேயிருந்து சேவலும் அவரைப் பார்த்தது.

"என்சிக், இது உங்க கோழியா?" என்று மலாயில் கேட்டார்.

"இல்லீங்க புவான்" என்று மோகனராஜும் மலாயிலேயே சொன்னார்.

"உங்க காடியில இருக்கே?"

"அது... தெரிஞ்சவரோடது. தும்பாங் குடுத்தேன்."

"கோழிக்கு லிஃப்டா? சரி, சொந்தக்காரர் பேரு என்ன?"

மோகனராஜ் வாசல் பக்கம் திரும்பினார். அங்கே கைலியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்ற நவமணி முறைத்தாள். அந்த முறைப்பிலிருந்துதான் அவருக்கு மின்னலாய் ஒரு யோசனை வந்தது. எதற்குப் பொய்? உண்மையைச் சொன்னால் போதாதா?

"முனியாண்டி."

நவமணியின் முகம் மலர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை இப்படிப் பெருமையாகப் பார்த்ததே இல்லை.

"மூணும் அவரோடதா?"

வாசல் கேட்டுக்கு வந்துவிட்ட அமலம்மாள் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டு, "மூணும் முனியாண்டியோடதுதான்!" என்றாள்.

"என்ன வேலை செய்யறார்?"

"காவல்" என்றார் மோகனராஜ்.

"செக்யூரிட்டியா? எந்த ஷிப்ட்?"

"ராத்திரி பகல் ரெண்டும்தான், புவான்."

"பாவம்! குடும்பம்?"

"தனி ஆள். ஒரு சுருட்டு, ஒரு போத்தல் பீர். வேற ஒண்ணும் கேக்க மாட்டார்."

"அதான் தனி ஆளா இருக்கார்" என்றார் நோர்மா. "வீடு எங்க?"

"தெருக்கோடி அரசமரத்தடி. கூரை போடுறதுக்கு ஒத்துக்க மாட்டேங்கிறார்."

ஒரு சொல் பொய் இல்லை. சாமி சொத்து சாமி பேரிலேயே பதிந்தாயிற்று. ரூபினியின் வேலை தப்பியது, ரிமோட்டும் தப்பியது. மோகனராஜுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

நோர்மா எழுதி முடித்துக் கைத்தொலைபேசியை எடுத்தார். "இக்மல், லோரியை உள்ள கொண்டு வா" என்று சொல்லிவிட்டு, மோகனராஜிடம் திரும்பி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"ரொம்ப நன்றி என்சிக்! மூலை வீட்டுலேர்ந்து எல்லாருமே 'கோழி என்னோடது இல்ல, முனியாண்டியோடது'ன்னுதான் சொல்றாங்க, அந்த ஆள் இருக்கிற எடத்தை நீங்கதான் காட்டிக் குடுத்தீங்க. இத்தனை கோழியும் ஒரே ஆளோடதுன்னா, இது வீட்டு வளர்ப்பு இல்ல, லைசென்ஸ் இல்லாத பண்ணை!"