முகூர்த்த நேரத்தில் குதிரைமேல் தூங்கியவன்

நான் குதிரைப்படையில் இருந்தவன் என்று தெரிந்தால் போதும், பேரன்களின் சிநேகிதர்கள்கூடப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, சண்டைக் கதை சொல்லுங்க" என்பார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அத்தனை வருஷப் பட்டாளத்தில் நான் முழுசாகக் கற்றுத் தேறிய வித்தை ஒன்றே ஒன்றுதான்: குதிரைமேல் உட்கார்ந்தபடி தூங்குவது.

லேசாக நினைக்க வேண்டாம். வடமேற்கு எல்லையில், மொட்டை மலைகளுக்கு நடுவே, ரோந்து நாள்கணக்கில் போகும். குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். சேணம் மெல்ல ஆடும். தூசிக்குள் முன்னால் போகிறவனின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, எங்கள் ஊருக்கு மேலே நிற்கிற சித்தேரி மலையாகிவிடும். சாமைக்கதிர் வாசம்கூட வரும். முதுகு மட்டும் வளையாமல் இருந்தால் அதிகாரிக்குத் தெரியாது. (தெரிந்தாலும் என்ன, அவரும் தூங்கிக்கொண்டுதான் வருவார்.)

யுத்தம் மும்முரமாக இருந்தபோது எனக்குக் கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். உடனே ஊருக்கு எழுதினேன்: "மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை ஏற்பாடு செய்யவும். மாட்டு வண்டியில் ஏற மாட்டேன்." கொழுப்புதான், வேறென்ன.

பெண் மாதம்மாள். பொம்மிடி ரயிலடிக்கு மூன்று மைல் இப்பால் அவள் ஊர். முந்தின லீவில் பரிசம் போட்டபோது பார்த்தது. தலையைக் குனிந்துகொண்டே சிரிக்கிறவள். அந்தச் சிரிப்பை எல்லைவரைக்கும் சுமந்துகொண்டு போயிருந்தேன். ஆனால் அவள் அப்பாவுக்கு என்மேல் அரை நம்பிக்கைதான். பட்டாளத்தானுக்குப் பெண்ணைக் கொடுக்காதே, தாலி கட்டிவிட்டு ஓடிப்போவான் என்று பத்துப் பேர் ஓதியிருந்தார்கள். லீவு முடிந்ததும் எங்களை பர்மாப் பக்கம் அனுப்பப்போவதாகவும் பேச்சு. அந்த ஒரு முகூர்த்தம் தப்பினால் எனக்கு மாதம்மாள் இல்லை.

ஐந்து நாள் ரயில் பயணம். உட்கார இடமில்லாமல் கதவோரம் நின்றபடியே வந்து, கல்யாணத்தன்று விடிகாலையில்தான் வீடு சேர்ந்தேன். தலையில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி, பட்டு உடுத்தி, மாலை போட்டு, வண்டியில் ஏற்றிப் பெண் ஊர் எல்லையில் இறக்கினார்கள். அங்கே குதிரை நின்றது. முனியன் அண்ணனின் ஜட்கா குதிரை. பெயர் ராசாத்தி. நரைத்த பெட்டைக் குதிரை. தினமும் பொம்மிடி ரயிலடிக்குப் போய் ஆளேற்றி வருகிறவள். ஏறி விறைப்பாக உட்கார்ந்தேன். மேளம் ஒரே தாளத்தில் போனது, ராசாத்தி ஒரே தாளத்தில் நடந்தாள். இளவெயில் முதுகில் இதமாக விழுந்தது. அதன்பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

மீதியைப் பிறகு எல்லோரும் சொல்லக் கேட்டேன். மாரியம்மன் கோயிலில் ஊர்வலத்தை நிறுத்தி, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் உருமால் கட்ட வேண்டும். என் தாய்மாமன்கள் இரண்டு பேர். யார் தலைப்பாகை கட்டுவது என்று கோயிலுக்குள் சண்டை.

"மூத்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப அவன் எப்பிடிக் கட்டுவான்?"

"சின்னப்புள்ளையில அவனத் தோள்ல தூக்கித் திரிஞ்சது நானு. அப்ப எங்க போனாரு மூத்தவரு?"

சமாதானம் பண்ண உள்ளே போனவர்களில் முனியன் அண்ணனும் ஒருவர். பிடித்திருந்த கயிற்றை விட்டுவிட்டுப் போனார். மேளக்காரர்கள் காப்பித் தண்ணி குடிக்க ஒதுங்கினார்கள். "மாப்பள எப்பிடி அசையாம உக்காந்திருக்காரு பாரு. மிலிட்டரின்னா மிலிட்டரிதான்" என்று ஒரு அம்மாள் மெச்சிவிட்டுக் கோயிலுக்குள் போனாளாம். அந்த நேரம் பார்த்துத் தொலைவில் காலை ரயில் ஊதியது. ராசாத்தி காதை நிமிர்த்தினாள். திரும்பினாள். போய்விட்டாள்.

என் கனவில் மலைப்பாதை ஒன்று மேகத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு குதிரைமேல் மாதம்மாள். "இன்னும் எவ்ளோ தூரங்க?" என்கிறாள். "இதோ வந்தாச்சு" என்கிறேன். அவள் தலைகுனிந்து சிரிக்கிறாள். அப்படியொரு சவாரி எனக்கு அதற்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

"ஏம்ப்பா, வண்டிய எங்க வுட்டுட்டு வந்த? பொட்டிய எதுல வக்கிறது?"

கண்ணைத் திறந்தேன். தகரப் பெட்டியோடு ஒரு பெரியவர் நின்றார். பழக்கதோஷத்தில் விறைப்பாக சல்யூட் அடித்து "ஹாஜிர் சாப்", வந்துவிட்டேன் ஐயா, என்றேன். அவர் இரண்டடி பின்னால் போனார். சுற்றிலும் பார்த்தால் பொம்மிடி ரயிலடி. ரயில் போய்விட்டிருந்தது.

புத்தியுள்ளவன் அந்த நொடியே குதிரையைத் திருப்பியிருப்பான். நான் பட்டாளத்தான். முதலில் குதிரை, பிறகுதான் மனிதன் என்று மண்டையில் அடித்து ஏற்றியிருந்தார்கள். மூன்று மைல் ஓடிவந்த குதிரையை வியர்வையோடு விடலாமா? இறங்கி, அவளை மெதுவாக நடத்தி ஆற்றினேன். போர்ட்டரிடம் வாளி வாங்கித் தண்ணீர் காட்டினேன். பட்டு அங்கவஸ்திரத்தால் அவள் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, ஐயர் முதல் கல்யாணக் கூட்டம் மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு நாலு மாட்டு வண்டிகள் புழுதி பறக்க வந்து நின்றன. வழியில் என்னைப் பார்த்த எவனோ, மாப்பிள்ளை ரயிலடிக்கு ஓடுகிறான் என்று போய்ச் சொல்லியிருக்கிறான்.

மாமனார் முதலில் குதித்தார். "டிக்கெட்டு வாங்கியாச்சா?"

"இல்லீங்க மாமா. தூங்கிட்டேனுங்க."

"குதிர மேலயா?"

"ஆமாங்க. பழக்கமுங்க."

"யாருகிட்ட கத வுடற? வண்டியத் திருப்புங்கடா. என் பொண்ணு இவனுக்கு இல்ல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சொன்னது அத்தனையும் நிஜம், ஆனால் ஒரு வார்த்தைகூட நம்புகிற மாதிரி இல்லை. அப்போது பின்வண்டியிலிருந்து மாதம்மாள் இறங்கி வந்தாள். என் மாலையைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், குதிரை மயிர் ஒட்டிய அங்கவஸ்திரத்தைப் பார்த்தாள்.

"அப்பா, ஓடற ஆளு குதிரைக்குத் தண்ணி காட்டிக்கிட்டு நிப்பாரா? ரயிலுதான் அப்பவே போயிடுச்சே. அவரு மூஞ்சியப் பாருங்க, இன்னும் பாதித் தூக்கத்துல இருக்காரு."

மாமனார் என் மூஞ்சியை வெகுநேரம் பார்த்தார். அதில் சூதுக்கு வேண்டிய மூளை இல்லை என்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். ஐயர் ரயிலடிக் கடிகாரத்தை எட்டிப் பார்த்து, முகூர்த்தம் முடியக் கால்மணிதான் இருக்கிறது, ஊருக்குத் திரும்பினால் ஆகாது என்றார். ரயிலடிப் புளியமரத்தடியிலேயே பாயை விரித்தார்கள். தாய்மாமன்கள் இரண்டு பேரும் அவசரத்தில் ஆளுக்கொரு உருமாலை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியதில், என் தலை வைக்கோல் போராகிவிட்டது. தாலியைக் கையில் எடுத்தேன். தண்ணீர் குடித்துத் தெம்பான ராசாத்தி அடுத்த சவாரிக்குக் கிளம்பினாள். மாதம்மாள் உட்கார்ந்தபடியே கைநீட்டிக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க கட்டுங்க. இத நான் பாத்துக்கறேன்" என்றாள் மெதுவாக.

கட்டினேன். பெரியவர் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்தபடியே எங்கள்மேல் அரிசி போட்டார்.

மூன்றாம் நாள் அதே ரயிலடியில் ரயில் ஏறினேன். மாதம்மாள் அழவில்லை. "திரும்பி வரப்ப இங்கியே எறங்குங்க. நான் வந்து நிப்பேன்" என்றாள். பர்மாவில் குதிரைகள் போய்க் கோவேறு கழுதைகள் வந்தன, மழை வந்தது, காய்ச்சல் வந்தது. கண்ணை மூடினால் ஒரு கையில் கடிவாளத்தோடு உட்கார்ந்திருக்கிற அவள்தான் வருவாள். பிழைத்தது அதனால்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். யுத்தம் முடிந்து பொம்மிடியில் இறங்கினேன். வந்து நின்றிருந்தாள்.

போன தை மாதம் பேரனுக்குக் கல்யாணம். பூ ஒட்டிய காரில் மாப்பிள்ளைக் கோலத்தில் ஏறி உட்கார்ந்தான். மேளம் கிளம்பப் போகிற நேரம் மாதம்மாள் கையைக் காட்டி எல்லாவற்றையும் நிறுத்தினாள். டிரைவர் பக்கத்து ஜன்னலில் குனிந்து கேட்டாள்:

"தம்பி, இந்தக் காரு தெனமும் எங்க போவும்?"

"பெங்களூரு ஏர்போர்ட்டுக்குங்க ஆயா."

அவள் பேரனைப் பார்த்தாள். "எறங்குடா. நடந்தே போலாம்."