கருணை ஆய்வில் நேர்ந்த கலப்படம்

உலகில் இதுவரை பிறந்த கருணை யாவும் அளந்து பார்க்கப்படாமலே வீணாகிவிட்டன. அக்குறையைத் தீர்த்த பெருமை எங்கள் ‘கருணை மற்றும் தன்னன்பு ஆய்வுப் பிரிவை’யே சாரும் என்பதை மிகுந்த பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அடியேன் அங்கே ஆய்வு உதவியாளன்.

அலுவலகத்தார் இருபது பேருக்கும் சீட்டுக் குலுக்கினோம். பத்துப் பேருக்கு எட்டு வாரம் கருணைப் பயிற்சி. இயக்குநரும் நானும் அதில் இடம்பெற்றோம். மற்றப் பத்துப் பேர் பயிற்சி இல்லாத ‘ஒப்பீட்டுக் குழு’. ஆய்வு முடியும்வரை அவர்கள்மீது நாங்கள் யாரும் கருணை காட்டலாகாது என்பது சுற்றறிக்கை எண் நான்கு. ஓட்டுநரிடம் ஒருநாள் “சாப்பிட்டீங்களாண்ணே?” என்று வாய்தவறிக் கேட்டதற்கு நான் எழுத்தில் விளக்கம் அளிக்க நேர்ந்தது. முறைதானே!

ஆறாம் வாரம், நானும் உடனிருக்கையில், தட்டச்சர் அக்கா இயக்குநர் அறைக்குள் வந்தார். ஒப்பீட்டுக் குழு, எண் ஏழு.

“சார், நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணி நேரம் போயிட்டு வரட்டுங்களா? பொண்ணு ஸ்கூல் ஆண்டு விழாவுல பேசறா. அவளுக்குத் திக்கும் சார். நான் எதிர்ல உக்காந்தாத்தான் வார்த்தை வரும்.”

இயக்குநர் நெஞ்சில் கைவைத்து, பாடம் மூன்றின்படி மும்முறை மூச்சு விட்டார். கண்கள் கலங்கின.

“உங்க மனசு எனக்கு அப்படியே புரியுதும்மா. பொண்ணு ரெண்டு வாரம் கழிச்சுப் பேசக் கூடாதா?”

“அதுவரைக்கும் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு யாரு சார் நிப்பாங்க?”

“நீங்க ஒப்பீட்டுக் குழும்மா. நான் இரங்கினா ஆய்வு கெட்டுடும். தம்பி, நீங்க சொல்லுங்க.”

மாதம் இருமுறை இரண்டு மணி நேரம் வெளியே செல்ல எந்த ஊழியருக்கும் உரிமை உண்டு. அதற்குக் கருணையே தேவையில்லை. விடுப்பு விதிகளை நான் மனப்பாடமாக அறிவேன். ஆயினும், மேலதிகாரி கண்கலங்கி நிற்கையில் குறுக்கே விதி பேசுவது பண்பாகுமா?

“சுற்றறிக்கை அப்படித்தான் சார்” என்றேன்.

அக்கா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஓட்டுநர், “அக்கா, டயருக்குக் காத்தடிக்கப் போறேன். அப்படியே ஸ்கூல் பக்கமாப் போகலாம், ஏறிக்கங்க” என்றார். அக்காவின் நாற்காலியில் காவலாளி அமர்ந்து, ஒரே விரலால் கடிதம் தட்டினார். ஒப்பீட்டுக் குழு முழுவதும் இதற்கு உடந்தை.

நான்கு மணிக்கு அக்கா திரும்பினார்.

“பேசினாளா?” என்று எழுந்து நின்று கேட்டார் காவலாளி.

“மூணு எடத்துல நின்னுட்டாண்ணே. என்னைப் பாத்தா. முடிச்சுட்டா!”

“பின்னே? யாரு பொண்ணு! இந்தாங்க, லெட்டர். நாலு வரிதான், ஆனா தப்பே இல்ல.”

அனைத்தையும் நான் நேர்மையாகக் குறித்துக்கொண்டேன்.

எட்டாம் வார முடிவு: பிறர்மீது கருணை, பயிற்சி பெறாதவரிடம் இரட்டிப்பு, பெற்றவரிடம் மாற்றமில்லை. “கலப்படம்!” என்றார் இயக்குநர். அந்தப் பத்துப் பேரையும் அறிக்கையிலிருந்து நீக்கினோம்.

ஆனால் தன்னன்பில் எங்கள் குழுவை மிஞ்ச ஆளில்லை. ‘தவறு செய்தால் எவ்வளவு விரைவில் உங்களை மன்னிக்கிறீர்கள்?’ என்பது இறுதி வினா. நான் உண்மையையே எழுதினேன்: ‘அக்கா வெளியே போய்க் கதவைச் சாத்துவதற்குள்.’

நூற்றுக்கு நூறு.