நாற்பத்தைந்தே நிமிடம்

“விஷம் சுற்று ஆரம்பிக்கும்போது வேலை செய்யுமா, முடியும்போது வேலை செய்யுமா?” என்று மனைவி கேட்டபோது மணி நாலரை. இரண்டரைக்கு ஆரம்பித்த ஆட்டம்.

பெட்டியின் மூடியில் ‘நாற்பத்தைந்தே நிமிடம்!’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவன் உருவாக்கிய ஆட்டம் முடிவாகும் முன்பே பதிப்பாளர் ஆசைப்பட்டு இரண்டாயிரம் மூடிகளை அச்சடித்துவிட்டார். மூடிக்கு ஏற்றபடி ஆட்டத்தை வெட்டித் தைப்பது அவன் தலையெழுத்து.

எளிய ஆட்டம்தான். ஆளுக்கு மூன்று அட்டை வீரர்கள், மாறி மாறி அடித்துக்கொள்ள வேண்டும். விஷம் பட்ட வீரனுக்குச் சுற்றுக்கு ஓர் உயிர் குறையும். மயங்கியவன் சும்மா கிடப்பான். விஷமோ மயக்கமோ எத்தனை சுற்றுக்கு என்று காட்ட அந்த வீரன் தலையில் அத்தனை சட்டைப் பொத்தான்கள். சுற்றுக்கு ஒன்றாக எடுத்துவிட வேண்டும். எத்தனை பொத்தான் என்பதில்தான் அவன் தூக்கம் போயிற்று.

முதல் சனிக்கிழமை மயக்கத்துக்கு மூன்று பொத்தான் வைத்தான்.

“அதுவரைக்கும் நான் உங்க மூஞ்சியப் பார்த்துட்டு உட்காரணுமா?” என்றாள்.

ஒன்றாகக் குறைத்தான். மயங்கியவர்கள் உடனே எழுந்து வந்து அடித்ததில் ஆட்டம் இரண்டு மணி நேரம் ஓடியது. விஷத்தை எட்டுச் சுற்றாக்கினான்.

“எட்டா? அப்புறம் யாரு கிட்ட வருவா?” என்று தன் மூன்று வீரர்களையும் மூலையில் ஒதுக்கிவிட்டாள். இரண்டே முக்கால் மணி நேரம்.

பகடை போட்டு முடிவு செய்யலாம் என்றான்.

“நான் மருந்துக்கடைல வேலை பார்க்கிறவ. மாத்திரை எத்தனை நாளைக்குன்னு பகடை போட்டா சொல்றேன்?” என்றவள், அந்தப் பகடையை ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் குலுக்கினாள்.

எட்டு மாதமாக அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். பெரிய சண்டை எதுவுமில்லை. ஒரு நாள் அவள் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, கத்தரிக்கோலும் அட்டையுமாக இருந்தவன் தலை நிமிராமல் “உன் முறை முடிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டான். மறுநாள் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

ஆடிப் பார்க்க ஆளில்லை என்று தயங்கித் தயங்கி அவளைத்தான் கூப்பிட்டான். சனிக்கிழமைதோறும் வந்தாள். ஆறு மணிக்கு அண்ணனின் கார் கீழே ஹாரன் அடிக்கும். “வீட்ல படிச்சுப் பார்க்கிறேன்” என்று புது விதித்தாளையும் ஒரு கட்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பிறகு அடுத்த சனிக்கிழமைவரை அவள் குடித்த டம்ளரைக் கழுவ அவனுக்கு மனம் வராது.

ஆட்டம் சரியானால் அவள் வர ஒரு காரணமும் இல்லை. சரியாகாவிட்டால் பதிப்பாளர் தோலை உரிப்பார். தோல் போனால் போகட்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றியதுண்டு. ஆனால் திங்கட்கிழமை பதிப்பாளர் வந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போகிறார். இதுதான் கடைசி சனிக்கிழமை.

ஐந்தரைக்கு அவனிடம் மிஞ்சியவன் ஒரே வீரன், ஒரே உயிர். அவளுடைய மூவரும் கல்லாட்டம் நின்றார்கள்.

“அடிக்கலாமே?” என்றான்.

“இருங்க, யோசிக்கிறேன்.”

கடிகாரத்தைப் பார்த்தாள். விதித்தாளை முதலிலிருந்து படித்தாள். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். கிளம்பத் துடிக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

“நான் தோத்துட்டேன்னே வெச்சுக்க. உனக்கு நேரமாகுது.”

“அதெல்லாம் கிடையாது. விஷத்தைப் பத்திக் கேட்டேனே, அதுக்குப் பதில் சொல்லுங்க.”

கீழே ஹாரன் அடித்தது. அவள் அசையவில்லை. இன்னும் இரண்டு முறை அடித்தது. கடைசியில் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க அண்ணனே வந்து நின்றார்.

“இன்னுமா முடியல?”

“மன்னிச்சுக்குங்க மச்சான்” என்றான். “எத்தனை சுற்றுன்னு எப்படி மாத்தினாலும் ஆட்டம் இழுத்துக்கிட்டே போகுது.”

“அண்ணா, வாங்க போகலாம்” என்று அவள் அவசரமாக எழுந்தாள்.

அண்ணன் அவளை விட்டுவிட்டு மேசையைப் பார்த்தார். ஒற்றை உயிரோடு நின்றவனைப் பார்த்தார்.

“இழுக்குதா? என்ன மாப்ளே சொல்றீங்க? நீங்க எந்த விதி எழுதிக் கொடுத்தாலும், வீட்ல இவ என்னைப் பதினஞ்சே நிமிஷத்துல சாகடிச்சிடறாளே!”