டையோடு போன இரும்புப் படலம்

வியாழன், 26 பிப்ரவரி 1987

மருமகன் லோதாருக்கு, ரைன் நதிக்கரை கண்ட துயரங்களையெல்லாம் ஒற்றைத் தோளில் சுமக்கும் உன் கெரியோன் மாமா எழுதுவது. மியூனிக்கில் நீயும் உன் மனைவியும் நலமென நம்புகிறேன். இங்கே அந்தச் சரக்கு தீர்ந்துவிட்டது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மூன்று மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு செய்தேன். விரல்நகம் அளவு. இரண்டு இரும்புப் படலம், நடுவே ஆறே அணு தடிமனில் குரோமியம். அதன்மேல் லேசரை அடித்தால், இரும்புக்குள் ஓடும் தற்சுழல் அலைகள், அதாவது காந்தத்தின் சிற்றலைகள், திரும்பி வரும் ஒளியின் நிறத்தை இம்மியளவு மாற்றும். அந்த இம்மியை அளந்தால் இரும்பு இரண்டின் காந்தங்களும் ஒரே திசை பார்க்கின்றனவா, எதிரெதிராக முறைத்து நிற்கின்றனவா என்று தெரிந்துவிடும். நாளை அளவுக் கருவி வேறு குழுவுக்குப் போகிறது. ஆக இன்றே அளந்தாக வேண்டும். காலையில் ஆராய்ச்சி மாணவி இர்ம்ட்ரூட் துண்டை என்னிடம் கொடுத்து, "மாடில நுண்ணோக்கில பாத்துட்டு வாங்க சார், அவசரமில்ல" என்றாள். என் இரு கையிலும் திரவ நைட்ரஜன் குடுவை, சட்டைப்பையில் பஞ்சுத் தூசி. அதனால் துண்டை டையின் பின்புறம் ஒட்டிக்கொண்டேன். இன்று திருவிழா வியாழன், ஆண்களின் டையை வெட்டப் பெண்கள் கத்திரிக்கோலோடு வருவார்கள் என்பது மறக்கவில்லை. முழு டையோடு வீடு திரும்பும் ஆணை ஒருத்தியும் சீண்டவில்லை என்று ஊர் சிரிக்குமே, அதற்காகவேதான் டை கட்டிப் போயிருந்தேன்!

படிக்கட்டில் எங்கள் உணவகத்தில் பரிமாறும் பேர்பெல், கையில் கத்திரிக்கோல். "என்னய்யா கெரியோன், இந்த வருசமும் அதே பூசணிக்கா கலரா?"

"வெட்டாத தாயே! அதுல மூணு மாச உழைப்பு ஒட்டியிருக்கு!"

"போன வருசம் அம்மா வாங்கிக் குடுத்ததுன்னு அழுத. புளுகுக்கும் ஒரு அளவு வேணாமா?"

வெட்டினாள், கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள், வெட்டிய டையோடு உணவகத்து ஆட்டத்துக்குப் போய்விட்டாள். உணவகத்தில் ஆயிரம் டைகளைக் கிளறி, பத்தாயிரம் ஆடும் கால்களுக்கிடையே ஒரு மணி நேரம் தவழ்ந்து, நான் பொறுக்கியது நாலு சில்லு. இர்ம்ட்ரூட்டின் முகத்தில் எப்படி விழிப்பேன்? துடைப்ப அறையில் ஒளிந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

நீயாவது சீரும் சிறப்புமாக வாழ்.

உன் நொறுங்கிய மாமா,
கெரியோன்

பி.கு.: இர்ம்ட்ரூட் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். அழுதபடி சில்லுகளை நீட்டினேன். "ஐயோ சார், அது வெறும் படிகம், மேல ஒண்ணுமே பூசல. நீங்க நடந்தாலே கருவி ஆடுது, அதான் ஒரு வாரமா எதையாவது குடுத்து மாடிக்கு அனுப்புறேன்" என்கிறாள். அசல் துண்டை அளந்தாகிவிட்டது. இரும்பு இரண்டும் எதிரெதிராகத்தான் நிற்கின்றன. மூன்று மாதத்தில் அந்தக் கருவி ஆடாமல் நின்றது ஒரே ஒரு மணி நேரமாம்: நான் தவழ்ந்துகொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம்.