மூடி அண்ணை வாசலில் நின்ற நாள்

தொண்ணூறுகளில், ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய அஜின்கோர்ட்டில் எங்கள் கட்டடத்துச் சனம் கதவுக்குச் சங்கிலி போடப் பழகியது கள்ளருக்குப் பயந்தல்ல, மூடி அண்ணைக்குப் பயந்துதான். மனிசன் ஒரு கதவையும் தட்டியதில்லை. நேரே குசினிக்குப் போவார், சட்டி மூடியைத் தூக்குவார், "உப்புக் காணாது" என்பார், போய்விடுவார். செத்துப்போன என் தங்கச்சியின் புருஷன் என்பதால் முறைப்பாடெல்லாம் எனக்குத்தான் வரும்.

அப்படிப்பட்டவர் ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை. நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஒரே மகள் அங்கே ஒரு மாவோரி ஆதிக்குடிப் பெடியனைக் கட்டியபோது, "உன்ரை படி மிதிக்கமாட்டன்" என்று போனில் கத்தியவர். பேரன் பிறந்ததும் மகளே கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்களும் வாங்கோ. அவள் முகம் குடுக்காட்டி நான் ஆரோடை கதைக்கிறது?" என்று என்னிடம் வந்து கேட்டார் மூடி அண்ணை.

போனோம். சின்னத் துறைமுகம், சத்தமே இல்லாத ஊர். மனிதரைவிட வள்ளங்கள் கூட. மருமகனின் தங்கச்சி எங்களை ஊர் மண்டபத்து வாசலில் நிறுத்தி, முறையை விளங்கப்படுத்தினாள். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கொடுத்து அழைக்கவேண்டும். வந்தவர்களில் ஒரு பெண் பதில் குரல் கொடுக்கவேண்டும். பிறகுதான் உள்ளே போகலாம்.

அவள் சொல்லி முடிக்கமுதல் மூடி அண்ணை ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். சேர்ட்டைப் பிடித்து இழுத்தேன்.

"நில்லும். உது அஜின்கோர்ட் இல்லை. கூப்பிட்டாத்தான் போகலாம்."

"கூப்பிடாட்டி?"

எதிரே சனத்துக்குள் மகள் பிள்ளையோடு நின்றாள். சிரிக்கவில்லை. இவர் உள்ளே வைத்த காலை மெல்ல வெளியே எடுத்துக்கொண்டார்.

கறுப்புடுத்த ஒரு கிழவி நீளமாகக் குரல் எடுத்தாள். எங்கள் பக்கம் நான் ஒருத்திதான் பெண். அவர்கள் பாஷை தெரியாது. அதற்காக வாயை மூடிக்கொண்டு நிற்கிற ஆளா நான்? சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கடல்வரை கேட்கக் கூப்பிட்டேன்.

"ஓம் பிள்ளையள், வாறம். உங்கடை பெட்டையின்ரை தேப்பனைக் கூட்டிக்கொண்டு வாறன்."

அங்கே அது விளங்கியது ஒருத்திக்குத்தான். அவள் பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அக்கா, கால் வருகுதில்லை," என்றார் இவர்.

"இப்ப கூப்பிட்டாச்சு, நடவும்."

கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போனேன். பேச்சுகள் முடிந்ததும் வரிசையாக நிற்பவர்களோடு நெற்றியும் மூக்கும் தொட்டு வணங்குவது அவர்கள் வழக்கம். ஒவ்வொருவராகத் தொட்டுவந்தவர், மகளிடம் வந்ததும் நின்றுவிட்டார். மூக்கு மூக்கோடு ஒட்டினது ஒட்டினதுதான். அங்கால் நின்ற கிழவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவருக்குப் பின்னால் நான். நானும் அசையவில்லை. ஆறுதலாக நிற்கட்டும் அந்த மனிசன்.