தாண்டவராயனின் மரபுப் பாய்ச்சல்

ஒரு காட்டில் ஒரு தார்ச்சாலை இருந்தது. காட்டுக்குள் சாலை எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அதைச் சொல்லப் போனால் எனக்குக் கோபம் வரும், கதை கெட்டுப்போகும். சாலைக்கு இந்தப் பக்கம் சிங்கவால் குரங்குகள் குடியிருந்தன. அந்தப் பக்கம் பலா மரங்கள் நின்றன. நடுவில் தேயிலை லாரிகள் ஓடின. வயிறு ஒரு பக்கமும் சாப்பாடு ஒரு பக்கமுமாகப் பிழைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முன்பெல்லாம் குரங்குகள் இந்தக் கரை மரத்தின் உச்சியிலிருந்து அந்தக் கரை மரத்துக்கு ஒரே பாய்ச்சலாகப் பாயும். பாய்ந்து சேர்ந்தவர்கள் பலா தின்றார்கள். சேராதவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பிறகு ஒரு நாள் காட்டிலாகாக்காரர்கள் வந்து, அந்த இரண்டு மரங்களுக்கும் நடுவே, உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஏணியைப் படுக்கப் போட்டதுபோல அகலமாக ஒரு கயிற்றுப் பாலம் கட்டிவிட்டுப் போனார்கள். அன்று முதல், வயிற்றில் குட்டி தொங்கும் தாய்மாரும் மூட்டுவலிக்காரர்களும் ஆடி அசைந்து அக்கரைக்குப் போய், கன்னம் புடைக்கப் பலாச்சுளையை அடைத்துக்கொண்டு திரும்பினார்கள். காட்டில் எல்லோருக்கும் லேசாகத் தொப்பை விழுந்தது.

இந்தத் தொப்பைக் காலத்தில் பிறந்தவன்தான் நம் கதாநாயகன். அம்மா மரகதம் வைத்த பெயர் டிங்கு. சுற்றுலா வந்தவர்கள் தவறவிட்ட செல்போன் ஒன்று கையில் கிடைத்ததும் அவன் உலகத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தான். யோசிக்க யோசிக்க, பழைய காலம் ரொம்ப நன்றாக இருந்தது என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. அப்போது அவன் பிறக்கவே இல்லையாதலால் அந்தக் காலத்தில் ஒரு குறையும் அவன் கண்ணில் படவில்லை. டிங்கு என்பது வானர குலத்துக்கு அடுக்காது என்று சொல்லித் தன் பெயரைத் தாண்டவராயன் என்று மாற்றிக்கொண்டான். முகத்தைச் சுற்றிப் புதிதாக முளைத்திருந்த வெள்ளைப் பிடரிமயிரை விரலால் கோதிவிட்டுக்கொண்டால் இந்த வயதிலேயே பெரியவர் களை வந்தது. அந்தக் களைக்காக அவன் தினமும் பாடுபட்டான்.

'வானர மரபு இளைஞர் பேரவை' என்று ஒன்றைத் தொடங்கினான். அதன் கொள்கைகள் சுலபமானவை. அரசியலில், தேர்தல் கூடாது. தோள்வலி உள்ளவனே தலைவன். இதைச் சொல்லும்போது அவன் தன் தோளைக் காட்ட மாட்டான். கல்வியில், பள்ளிக்கூடம் கூடாது. "உறவுகளே, நம் பாட்டன் பூட்டன் எழுத்துக் கூட்டிப் படித்தார்களா?" என்று கேட்டு ஒரு நீண்ட உரை எழுதினான். அதை எழுதக் கற்றுக்கொடுத்தது அந்தப் பள்ளிக்கூடம்தான். வாத்தியாராக இருந்த இருவாச்சிப் பறவை கோபித்துக்கொள்ளாமல் உரையில் இருந்த பிழைகளைத் திருத்திக் கொடுத்தார்.

குடும்ப வாழ்க்கைக்கு அவன் அந்த வாத்தியாரையே எடுத்துக்காட்டாகச் சொன்னான். "இருவாச்சியைப் பாருங்கள் உறவுகளே! அவர் மனைவி முட்டையிட்டதிலிருந்து மரப்பொந்தை விட்டு வெளியே வருவதுண்டா? அதுதான் பண்பாடு!"

அப்போது வாத்தியார் வாய் நிறையப் பழத்தோடு அந்த வழியாகப் பறந்துகொண்டிருந்தார். கிளையில் உட்கார்ந்து பழத்தைக் கீழே வைத்தார்.

"தம்பி, அவ உள்ள உட்கார்ந்துட்டா. காலையில இருந்து கடைக்கும் வீட்டுக்கும் நாயா அலையறது நான்தான். ரெண்டு மாசமா முதுகு நிமிரல. இதையும் சேர்த்துப் பேசிடுப்பா" என்றார்.

தாண்டவராயன் அதைச் சேர்க்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக அவனை உறுத்தியது பாலம். பாலம் வந்ததால்தான் வானர குலம் சோம்பேறியாகிவிட்டது என்று அவன் நம்பினான். பொய்யாக இல்லை, உண்மையாகவே நம்பினான். அதுதான் அவனிடம் எனக்குப் பிடித்தது. ஆனால் காட்டில் செல்போன் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது பாலத்தின் நடுப்பகுதி. ஆகவே பாலத்தைக் கண்டித்து அவன் பேசிய வீடியோ எல்லாம் பாலத்தின் மேல் உட்கார்ந்தே ஏற்றப்பட்டது. கயிறு தெரிந்துவிடக் கூடாதென்று முதுகுப் பக்கம் ஒரு பெரிய இலையைச் செருகிக்கொள்வான். அப்படி ஏற்றியதில் பேர்போனது, அவன் தாத்தாவைப் பற்றியது. 'பாய்ச்சலில் உயிர்நீத்த மாவீரர்' என்று தலைப்பு. பார்த்தவர்கள் அழுதார்கள்.

ஒரு நாள் காலையில் பேரவை கூடியது. பாலத்தை அறுத்துவிட வேண்டும் என்று தாண்டவராயன் தீர்மானம் கொண்டுவந்தான். இளவட்டங்கள் கிளையைக் குலுக்கி ஆரவாரம் செய்தார்கள். அறுக்கும் வேலைக்கு மலையணில் ஒருவர் பல்லைத் தீட்டிக்கொண்டு தயாராக இருந்தார். அப்போது கூட்டத்தின் பின்னால் பேன் பார்த்துக்கொண்டிருந்த மரகதம் எழுந்தாள்.

"தாராளமா அறுங்க. நான் எதுக்கு வேண்டாங்கறேன்? ஆனா பழையபடி தாண்டலாம்னு ஒருத்தர் காட்டணும்ல? என் பையன் மொதல்ல தாண்டட்டும். அப்புறம் அறுத்துக்கலாம்."

பயந்து பின்வாங்கிவிடுவான் என்று நினைத்துத்தான் சொன்னாள். ஆனால் கூட்டம் கைதட்டிவிட்டது. கைதட்டலைக் கேட்டதும் தாண்டவராயனின் வாய், அவனைக் கேட்காமலே, "நாளைக் காலையில் தாண்டுகிறேன் உறவுகளே!" என்று முழங்கியது. அவன் வாழ்நாளில் பாய்ந்த பெரிய பாய்ச்சல், ஒரு வேன் கூரையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தின் மேல் பாய்ந்ததுதான்.

கூட்டம் கலைந்ததும் அம்மாவைத் தனியே பிடித்தான்.

"ஏம்மா, எல்லார் முன்னாடியும் இப்படி மாட்டி விட்டுட்டியே?"

"நீதானே தாண்டணும் தாண்டணும்னு பேசினே?"

"தாத்தா தாண்டினார். வீரமா உயிரை விட்டார். அவர் பேரன் நான்."

மரகதம் அவனைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். "வீரமா? விழுந்துட்டார்டா கண்ணு. அன்னைக்கு மழை. கிளையெல்லாம் வழுக்கல். அவருக்குத் தாண்டவே இஷ்டமில்ல. நான் சின்னக் குட்டி, பசி தாங்காம அழுதேன். அதான் போனார்."

உரை எழுதும்போது இப்படி ஒரு விஷயம் இருக்குமென்று தாண்டவராயனுக்குத் தோன்றவே இல்லை. அம்மாவிடம் அவன் கேட்டதும் இல்லை.

"அப்ப நான் என்னம்மா பண்றது? மாட்டேன்னு சொன்னா பேரவை போயிடும். என் பேரும் போயிடும்."

"எந்தப் பேரு? டிங்குவா, தாண்டவராயனா?" என்று கேட்டுவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான் திருப்பினாள்.

மறுநாள் காலை காடே திரண்டிருந்தது. தாண்டவராயன் மரத்தின் உச்சிக்கு ஏறினான். எதிர்ப்பக்கத்து மரம் நேற்றுவரை இவ்வளவு தூரத்தில் இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. கீழே எட்டிப் பார்த்தான். சாலை தெரியவில்லை. பாலத்தின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அவன் அம்மாவும், அவளோடு காட்டிலுள்ள அம்மாக்கள் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா! அங்க எதுக்கு உட்கார்ந்திருக்கீங்க?"

"காத்து வாங்கறோம். நீ பாட்டுக்குத் தாண்டு" என்று மரகதம் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள். ஒரு பலாச்சுளையைக் கையில் வைத்திருந்தாள், தின்னவில்லை.

இதற்கு அவன் கோபப்பட்டிருக்க வேண்டும். மரபுப் பாய்ச்சலுக்குக் கீழே அம்மாக்களை நிறுத்தி வைப்பது எந்தக் காலத்தில் இருந்தது? ஆனால் அவனுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. கண்ணீர் விழுந்துவிடுவதற்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டு பாய்ந்தான்.

பாதி வழி போனான். அதற்குமேல் முன்னோர் உதவவில்லை. கையைக் காலை உதறிக்கொண்டு நேராகக் கீழே வந்து, பத்திரமாக, தன் அம்மாவின் மடியில் விழுந்தான். பாலம் தொட்டில்போல் ஆடியது. அடியில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. சிக்னல் கிடைத்த குஷியில் அவன் செல்போன் டிங் டிங் என்று அலறியது.

"அடிபட்டுச்சாடா டிங்கு?" என்று மரகதம் அவன் உடம்பெல்லாம் தடவிப் பார்த்தாள். அவன் அந்தப் பெயரைத் திருத்தவில்லை.

மலையணில் கயிற்றில் பல்லை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க தலைவரே, தாண்டியாச்சுங்களா? அறுத்துடட்டுங்களா?"

"யோவ், எடுய்யா பல்லை!"

இப்படி ஒரு சத்தம் தாண்டவராயனிடமிருந்து அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். இனி ஏதாவது சொல்லியே ஆக வேண்டும். அவன் அம்மா மடியிலிருந்து எழுந்தான். பிடரியைக் கோதிக்கொண்டான். தொண்டையைச் செருமினான்.

"உறவுகளே! நம் முன்னோர் எப்படித் துணிந்து தாண்டினார்கள்? யோசித்தீர்களா? ஒவ்வொரு வீரனுக்கும் கீழே அவனுடைய தாய் இருந்தாள்! தாய்மார் உட்கார இடம் வேண்டாமா? அந்த இடம்தான் இது! இந்தப் பாலத்தை நவீனம் என்று சொன்னவன் எவன்? இது நம் ஆதி மரபு!"

நவீனம் என்று சொன்னவன் எவன் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இளவட்டங்கள் கிளையைக் குலுக்கிக் குலுக்கி ஆரவாரம் செய்தார்கள். அவர்களில் பலர் அடுத்தபடியாகத் தாண்ட வேண்டியவர்கள்; பாலம் இருக்கப்போகிறது என்றதும் அவர்களுக்குப் போன உயிர் திரும்பி வந்திருந்தது. 'மாவீரர்' வீடியோவை மட்டும் தாண்டவராயன் அன்றைக்கே, யாரும் கேட்காமல், எடுத்துவிட்டான்.

அதன்பின் அந்தக் காட்டில் வருஷா வருஷம் மரபுப் பாய்ச்சல் விழா நடக்கிறது. இளைஞர்கள் வரிசையாக உச்சியிலிருந்து பாய்கிறார்கள், வரிசையாகப் பாலத்தில் விழுகிறார்கள், வீரர் என்று மாலை வாங்கிக்கொண்டு மிச்ச தூரத்தை நடந்து போய்ப் பலாப்பழம் தின்கிறார்கள். அம்மாக்களுக்குத்தான் விழா முடிந்து ஒரு வாரம் இடுப்பு வலி.

சமீபத்தில் காட்டிலாகாக்காரர்கள் கயிற்றை எடுத்துவிட்டு இரும்புப் பாலம் போடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. "முன்னோர் நடந்த கயிறு! அறுக்க விடமாட்டோம்!" என்று முதல் வீடியோ தாண்டவராயனிடமிருந்துதான் வந்தது. இந்தத் தடவை முதுகுக்குப் பின்னால் இலை இல்லை.

மரகதம் அதைக் கேட்டுவிட்டு, "இரும்புல விழுந்தா இடுப்பு ஒடிஞ்சிடும். இது ஒண்ணு மட்டும் நீ உருப்படியாச் சொன்னேடா" என்றாள்.

நீதி: முன்னோர் வழியில் பாயப் புறப்படும் இளைஞர், கீழே அம்மா உட்கார்ந்திருக்கிறாளா என்று முதலில் எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவள் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறாளோ, அதற்கு ஆதி மரபு என்று பிறகு பெயர் வைத்துக்கொள்ளலாம்.